ரியாக்‌ஷன் வீல் ரோபோ: அது நிற்பது சக்கரம் சுற்றுவதால் இல்லை

என் மேசை மேல் ஒரு சின்னப் பெட்டி ஒற்றை விளிம்பில் நிற்கும், ரியாக்‌ஷன் வீல் ரோபோ என்பது இதுதான். விரலால் லேசாகத் தட்டினால் ஒரு பக்கம் சாயும், உள்ளே இருக்கிற சக்கரம் 'உய்ங்' என்று ஒரு சத்தம் போடும், பெட்டி மறுபடி நிமிர்ந்துகொள்ளும். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு வருகிற யாராக இருந்தாலும் இதைப் பார்த்ததும் சொல்வது ஒன்றுதான்: "சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு, அதனால விழ மாட்டேங்குது, பம்பரம் மாதிரி." இதே மாதிரி ஒன்று கட்ட வேண்டும் என்று கேட்டு வருகிற மாணவர்களும் இந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அந்த எண்ணத்தோடு கட்டினால் ரோபோ நிற்காது. ஏன் நிற்காது என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, அதனால் அங்கேயிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பம்பரம் நிற்பதற்கு அதன் வேகம் காரணம். வேகம் குறையக் குறையத் தள்ளாடும், கடைசியில் சாயும். என் பெட்டி அப்படி இல்லை. யாரும் தொடாத நேரத்தில் அதன் சக்கரம் ஏறக்குறைய அசையாமல்தான் இருக்கும், முன்னும் பின்னும் கொஞ்சம் உதறிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் பெட்டி நிற்கிறது. அப்படியானால் அதை நிறுத்தி வைப்பது எது?

வெல்டிங் பட்டறையில் கையில் பிடித்து அறுக்கிற கட்டிங் மெஷினை ஒரு முறையாவது பிடித்திருப்பீர்கள். சுவிட்சைப் போட்ட அந்த நொடியில் மெஷின் கையை ஒரு பக்கமாக வெடுக்கென்று முறுக்கும். பிளேடு முழு வேகம் பிடித்தபிறகு கையில் அதிர்வு இருக்குமே தவிர முறுக்கு இருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: சப்மெர்சிபிள் மோட்டாரை ஆன் செய்ததும் மேலே தெரிகிற பைப் ஒரு உதறு உதறும், அப்புறம் அமைதியாகிவிடும். இரண்டிலும் நடப்பது ஒன்றே. ஒரு மோட்டார் தன் சக்கரத்தின் வேகத்தை மாற்றும்போது, எவ்வளவு முறுக்குவிசையைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறதோ அதே அளவு முறுக்குவிசை எதிர்ப் பக்கமாக மோட்டாரின் உடம்புக்கு வந்து சேரும். வேகம் மாறாமல் சீராக ஓடினால் எதிர்விசையும் இல்லை. ஆக, ரியாக்‌ஷன் வீல் ரோபோவைத் தாங்குவது சக்கரத்தின் வேகமாற்றம். 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், சீராக ஓடுகிற சக்கரம் அந்த நேரத்தில் பெட்டியைத் துளிகூடத் தள்ளாது.

நம் உடம்பும் இதைத்தான் செய்கிறது. நடவு முடிந்த வயலில் குறுகலான வரப்பின் மேல் நடந்துபோகும்போது கால் இடறினால் இரண்டு கையும் தானாகச் சுழலும். விழுகிற பக்கமாகவே கையைச் சுழற்றுகிறோம், உடம்பு எதிர்ப்பக்கம் வருகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வருகிற பழக்கம் அது. ரோபோவின் சக்கரமும் பெட்டி எந்தப் பக்கம் விழப் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் வேகம் எடுக்கும். முதல் முறை கோடு (கணினி நிரல்) எழுதுகிற நிறையப் பேர் இந்தப் பிளஸ், மைனஸ் குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, ரோபோ தன்னைத்தானே தரையில் அறைந்துகொள்வதைப் பார்த்து மோட்டார் சரியில்லை என்று நினைக்கிறார்கள்.

இந்தச் சக்கரம் பொழுதுபோக்குக்காகப் பிறந்தது இல்லை. செயற்கைக்கோள்களைத் திருப்புவதற்கு வந்தது. ஒகேனக்கலில் பரிசலில் போகும்போது ஒன்று கவனித்துப் பாருங்கள். துடுப்பைத் தூக்கிவிட்டு, உட்கார்ந்தபடியே இடுப்பை வலப்பக்கம் திருப்பினால் பரிசல் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பும். ஆனால் இடுப்பு எவ்வளவு தூரம்தான் திரும்பும்? ஒரு அளவுக்கு மேல் முடியாது, அப்போது துடுப்பைத் தண்ணீரில் போட்டுத்தான் ஆக வேண்டும். விண்வெளியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத செயற்கைக்கோளும் இதே நிலையில்தான் இருக்கிறது. உள்ளே சக்கரத்தின் வேகத்தை மாற்றினால் வெளியே உடம்பு திரும்பும். ஹப்பிள் தொலைநோக்கியில் இப்படி 4 சக்கரங்கள் இருக்கின்றன. நம் இஸ்ரோவுக்கு இந்தச் சக்கரங்களைச் செய்துதருவது திருவனந்தபுரத்தில் இருக்கிற அதன் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் பிரிவு. சக்கரத்தின் வேகம் ஏறிக்கொண்டே போய் உச்சத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் வேகமாற்றத்துக்கு இடமில்லை. இதைத்தான் சாச்சுரேஷன் என்கிறார்கள். அப்போது பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்துத் தள்ளுகிற காந்தச் சுருளையோ சின்ன ராக்கெட் இன்ஜினையோ இயக்கிச் சக்கரத்தின் வேகத்தை இறக்குவார்கள். அதுதான் அவர்களுடைய துடுப்பு. 2009-இல் போன கெப்ளர் தொலைநோக்கியின் 4 சக்கரங்களில் ஒன்று 2012 ஜூலையிலும் இன்னொன்று 2013 மே மாதத்திலும் பழுதாகின. மிச்சம் இருந்த இரண்டை வைத்துக்கொண்டு, சூரிய ஒளி கொடுக்கிற மிகச் சிறிய அழுத்தத்தையே மூன்றாவது கையாகப் பயன்படுத்தி 2014-இலிருந்து அதை மறுபடி வேலை செய்ய வைத்தார்கள். இதைப் படித்த நாளில்தான் எனக்கு இந்தச் சக்கரத்தின் மேல் தீராத பிரியம் வந்தது.

தரைக்கு வருவோம். பல்கலைக்கழக ஆய்வகங்களில் இது முதலில் ஊசல் வடிவத்தில் இருந்தது, ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரு மோட்டாரும் சக்கரமும். மார்க் ஸ்பாங், பீட்டர் கார்க், ரொஹேலியோ லொசானோ மூவரும் 2001-இல் இதன் கட்டுப்பாட்டுக் கணக்கை விரிவாக எழுதினார்கள். 2005-இல் ஜப்பானின் முராட்டா நிறுவனம் சைக்கிள் ஓட்டுகிற ஒரு சின்ன ரோபோவைக் காட்டியது. அது சைக்கிளை நிறுத்திவிட்டுக் காலை ஊன்றாமலே நிற்கும், காரணம் உடம்புக்குள் இருக்கிற சக்கரம். ஆனால் வீட்டில் கட்டுகிறவர்களுக்கெல்லாம் ஆசையைக் கிளப்பிவிட்டது சூரிச்சில் இருக்கிற இடிஎச் பல்கலைக்கழகத்தின் கியூப்ளி. 15 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரம், உள்ளே 3 சக்கரம். படுத்த நிலையிலிருந்து தானே துள்ளி எழுந்து விளிம்பில் நிற்கும், அங்கேயிருந்து மூலையில் நிற்கும். 2012-இல் வந்த அதன் ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் மோகனராஜா கஜமோகன். அந்தப் பெயரை அங்கே படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சரி, நாம் கட்டுவது எப்படி? முதலில் ஒரு சக்கரம் வைத்து, முன்னும் பின்னும் மட்டும் விழக்கூடிய பெட்டி. மூன்று சக்கரக் கனசதுரத்தில் நேராக இறங்கிப் பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒற்றைச் சக்கரத்தில் கற்றுக்கொள்ளாததை மூன்றில் கற்க முடியாது.

என் பெட்டி 600 கிராம். எடைமையம் விளிம்பிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இது 1 டிகிரி சாய்ந்தால் ஈர்ப்பு அதை முறுக்குகிற அளவு சுமார் 0.007 நியூட்டன் மீட்டர். 5 டிகிரி என்றால் 0.036. மோட்டார் அதிகபட்சம் 0.05 தரும் என்று வைத்துக்கொண்டால் 7 டிகிரி வரை சாய்ந்ததைத் தூக்கிவிடலாம், அதைத் தாண்டினால் எந்தக் கோடும் காப்பாற்றாது. நேரமும் குறைவு. இந்த அளவுப் பெட்டியில் சாய்வு ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்கு ஒரு முறை 2.7 மடங்கு ஆகும். ஒட்டடைக் குச்சியை உள்ளங்கையில் நிறுத்திவிடலாம், பென்சிலை நிறுத்த முடியாது, ஏனென்றால் குட்டையானது சீக்கிரம் விழும். அதனால் சென்சாரைப் படித்து, கணக்குப் போட்டு, மோட்டாருக்குச் சொல்வதெல்லாம் 5 மில்லி விநாடிக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். இதற்கு அர்டுயினோ நானோ என்கிற சின்னக் கணினிப் பலகையே போதும், அதைவிட வேகமான ஈஎஸ்பி32 இருந்தால் தாராளம்.

இப்போது சக்கரம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், நம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய வசதியும் இங்கேதான். சக்கரத்துக்குத் தேவை எடை மட்டும் கிடையாது, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். தூரத்தின் இருமடிப்படி கணக்கில் வருவதால், அதே எடையை 4 செ.மீ. ஆரத்திலிருந்து 6 செ.மீ. ஆரத்துக்குக் கொண்டுபோனால் பலன் 2.25 மடங்கு. 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக் சக்கரம் செய்து விளிம்பில் எட்டுப் பத்து நட்டுகளைச் செருகுவது பல ஊர்களிலும் செய்கிற வழி, வேலையும் செய்யும். ஆனால் ஓசூர் பக்கத்தில் இருக்கிறது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்ததால் சிப்காட்டைச் சுற்றி அவற்றுக்கு உதிரிபாகம் செய்கிற லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நான் பித்தளையில் கடைந்துதரச் சொல்லி ஒரு பட்டறைக்குப் போனேன். வெளிவிட்டம் 86 மி.மீ., நடுவில் மெல்லிய தகடு, கனமெல்லாம் விளிம்பில், விளிம்பு மட்டும் 100 கிராம் வர வேண்டும்.

லேத் மாஸ்டர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எவ்வளவு வேகத்துல சுத்தணும்?" என்றார்.

"மூவாயிரம் ஆர்பிஎம்ணா."

"அப்போ நடு ஓட்டையும் வெளிப்பக்கமும் ஒரே பிடியில எடுக்கணும். நடுவுல கழட்டி மறுபடி மாட்டினா அவுட் அடிக்கும், மையம் தப்பி ஆடும்."

அப்படியே செய்தார். முடித்ததும் சக்கிலிருந்து, அதாவது லேத்தின் பிடியிலிருந்து, எடுக்காமலே ஆட்டத்தை அளக்கிற டயலை விளிம்பில் வைத்து, சக்கைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். முள் இரண்டு கோடு ஆடியது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு. அந்த முள் அவ்வளவு அமைதியாக நின்றதைப் பார்த்த திருப்தி இன்னும் எனக்கு இருக்கிறது, ஏனென்றால் அதற்கு முன் நான் செய்த நட்டுச் சக்கரம் 2000 ஆர்பிஎம்மைத் தாண்டினாலே பெட்டி முழுக்க அதிரும், அந்த அதிர்வு சென்சாருக்குள் போய்ச் சாய்வுக் கணக்கையே கெடுத்துவிடும். பல நாள் கோடில் தேடிக்கொண்டிருந்த பிழை கோடில் இருக்கவே இல்லை.

லேத் வசதி இல்லையென்றாலும் வழி உண்டு. சக்கரத்தின் நடுவில் ஒரு நேரான கம்பியைச் செருகி, இரண்டு ஸ்டீல் ஸ்கேலை விளிம்பு மேலே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் சமமட்டத்தில் நிறுத்தி, கம்பியை அவற்றின் மேல் வையுங்கள். கனமான பக்கம் தானாக உருண்டு கீழே வரும். அங்கே கொஞ்சம் துளையிட்டு எடையை எடுங்கள், மறுபடி வையுங்கள். எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும் வரைக்கும். ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும், ஆனால் அந்த ஒரு சாயங்காலம் பத்து நாள் கோடு திருத்துவதை மிச்சப்படுத்தும்.

மோட்டார் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் நிற கியர் மோட்டார் வேண்டாம், கியர் பற்களுக்கு நடுவே ப்ளே (தளர்வு) இருக்கும், திசை மாறும்போதெல்லாம் அந்த ப்ளே தடுமாற வைக்கும். டிரோன் மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈஎஸ்சியும் வேண்டாம், பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் மெதுவாகச் சுற்றித் திசை மாறுவதற்கு அவை பழக்கப்படவில்லை. சுழற்சியை அளக்கிற என்கோடரும் மோட்டாரை ஓட்டுகிற டிரைவரும் உள்ளேயே இருக்கிற நிடெக் 24எச் வகைப் பிரஷ்லெஸ் மோட்டாரை இதற்கு நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள், நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். கேமராவை ஆடாமல் பிடிக்கிற கிம்பல் மோட்டாரை சிம்பிள்எஃப்ஓசி என்கிற மென்பொருள் நூலகம் வைத்து ஓட்டுவது இன்னும் வழவழப்பாக இருக்கும், கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எதுவானாலும் சக்கரத்தின் வேகத்தை அளக்க என்கோடர் கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்பது கீழே வருகிறது.

சாய்வை அளக்க எம்பியு-6050 என்கிற சில்லு போதும். அதற்குள் இரண்டு சென்சார். ஆக்சலரோமீட்டர் பூமி எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும், ஆனால் ஒவ்வொரு அதிர்வுக்கும் பதறும். ஜைரோ சாய்கிற வேகத்தை நிதானமாகச் சொல்லும், ஆனால் அதைக் கூட்டிக் கூட்டிக் கோணம் எடுத்தால் நேரம் ஆக ஆக நகர்ந்துபோகும். அதனால் ஜைரோ சொல்வதில் 98 பங்கும் ஆக்சலரோமீட்டர் சொல்வதில் 2 பங்கும் எடுத்துக் கலக்கிறோம், இது காம்ப்ளிமென்டரி ஃபில்டர். ஜைரோவின் பிழை வெப்பத்தோடு மாறும். ஏப்ரல் மத்தியான வெயிலில் எங்கள் மாடி அறை இருக்கிற சூட்டில், காலையில் எடுத்துவைத்த திருத்த அளவு செல்லாது, ஆகவே ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பெட்டியை அசைக்காமல் வைத்து ஆயிரம் அளவு எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். சென்சாரை விளிம்புக்குப் பக்கத்தில், கீழே வையுங்கள். மேலே வைத்தால் பெட்டி ஆடுகிற ஆட்டத்தையும் அது சாய்வு என்று எடுத்துக்கொள்ளும்.

இனி முக்கியமான இடம். சாய்வும் தெரிகிறது, சாய்கிற வேகமும் தெரிகிறது. இரண்டையும் ஆளுக்கு ஒரு எண்ணால் பெருக்கிக் கூட்டி மோட்டாருக்குக் கொடுத்தால் பெட்டி எழுந்து நிற்கும். கைதட்டத் தோன்றும். அப்புறம் சக்கரத்தின் சத்தம் மெல்ல ஏறும், ஏறிக்கொண்டே போகும், உச்சத்தைத் தொட்டதும் பெட்டி ஒரு பக்கமாகப் பொத்தென்று விழும். எனக்கும் முதலில் இப்படித்தான் நடந்தது, எத்தனை முறை எண்களை மாற்றினாலும் சில விநாடிதான்.

இதற்குக் கணக்கு எளிது. எது நேர் என்று நாம் கோடில் எழுதுகிற கோணம் 1 டிகிரி தவறு என்று வைத்துக்கொள்வோம். பெட்டி விசுவாசமாக அந்தத் தவறான கோணத்திலேயே நிற்கும். அங்கே ஈர்ப்பு விடாமல் 0.007 நியூட்டன் மீட்டர் முறுக்கும், அதைத் தாங்கச் சக்கரம் விடாமல் வேகம் எடுக்க வேண்டும். என் சக்கரத்துக்கு அது விநாடிக்குச் சுமார் 430 ஆர்பிஎம். 3000 ஆர்பிஎம் வரை போகிற மோட்டார் என்றால் 7 விநாடி. சரியான கோணத்தைத் தேடிப்பிடித்து எழுதிவிட்டால்? ஒயர் கொஞ்சம் நகர்ந்தாலும், மேசை கொஞ்சம் சாய்ந்தாலும் அது மாறிவிடும். நேர் எது என்பதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது சக்கரம் ஒன்றுதான். அதன் வேகம் ஒரு பக்கமாகவே ஏறிக்கொண்டிருந்தால், பெட்டி உண்மையான நேரிலிருந்து அந்தப் பக்கம் விலகி நிற்கிறது என்று அர்த்தம். அதனால் மூன்றாவதாகச் சக்கர வேகத்தையும் ஒரு சின்ன எண்ணால் பெருக்கிக் கூட்டிக்கொள்கிறோம்.

இதன் குறி எல்லோரையும் குழப்பும். சக்கரத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பிரேக் பிடிக்கிற மாதிரி எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும் என்றுதான் தோன்றும். அப்படித் தள்ளினால் அதன் எதிர்விசையில் பெட்டி ஏற்கெனவே சாய்ந்த பக்கமே இன்னும் சாயும். செய்ய வேண்டியது வேறு: முதலில் சக்கரத்தின் வேகத்தை அதே பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும், அதனால் பெட்டி நேரைத் தாண்டி மறுபக்கம் மயிரிழை சாயும், இப்போது ஈர்ப்பு அந்தப் பக்கம் இழுக்கும், அந்த இழுப்பைத் தாங்குகிற சாக்கில் சக்கரம் தன் வேகத்தை இறக்கிக்கொள்ளும். பரிசலில் துடுப்பு செய்கிற வேலையை இங்கே ஈர்ப்பே செய்கிறது. வானத்தில் காந்தச் சுருள் வேண்டியிருந்தது, தரையில் ஒரு துளிச் சாய்வு போதும். இந்த மூன்று எண்களையும் எல்க்யூஆர் என்கிற கட்டுப்பாட்டுக் கணித முறையில் கணக்கிட்டு எடுக்கலாம், கையால் திருகித் திருகியும் கண்டுபிடிக்கலாம். கையால் செய்வதானால் முதல் இரண்டையும் வைத்துச் சில விநாடி நிற்க வைத்துவிட்டு, மூன்றாவதைப் பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். சத்தம் ஏறி, அப்புறம் தானாக இறங்குகிற அந்த முதல் தடவையைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

துள்ளி எழுவது இதற்கு அப்புறம்தான். சக்கரத்தை நன்றாகச் சுழலவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அதன் சுழற்சி முழுக்கப் பெட்டிக்கு வந்து பெட்டி எழும். ஆனால் சக்கரத்தில் இருந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கிலேயே சூடாகப் போய்விடும், அதனால் கணக்கில் பார்க்கிறதைவிட நிறைய வேகம் தேவைப்படும். சக்கரத்தை ஷாஃப்டோடு இறுக்கிப் பிடிக்கிற கிரப் ஸ்க்ரூ வழுக்குவதும் ஷாஃப்ட் வளைவதும் இந்த அடியில்தான். இன்னொன்று, 3000 ஆர்பிஎம்மில் என் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 49 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நட்டுச் சக்கரத்திலிருந்து ஒரு நட்டு கழன்றால் அதே வேகத்தில் முகத்துக்கு வரும். சக்கரத்தைச் சுற்றி ஒரு வளையம் கட்டுங்கள், குனிந்து பார்க்கும்போது கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் ஆன் செய்யாதீர்கள்.

மூன்றாவது எண் சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க நான் ஒரு ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக்கொள்கிறேன். 2011-இல் வந்த வகை நாணயம் 3.79 கிராம். நிற்கிற பெட்டியின் மேல், நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு ஓரத்தில் மெதுவாக வைக்க வேண்டும். வைத்ததும் அந்தப் பக்கம் லேசாகக் கனக்கும், சக்கரம் சத்தம் எடுக்கும். சக்கர வேகத்தைக் கணக்கில் எடுக்காத கோடு என்றால் அரை நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுப் பெட்டி விழுந்துவிடும். எடுத்த கோடு என்றால் சத்தம் கொஞ்சம் ஏறி, தயங்கி, இறங்கி, சக்கரம் மறுபடி அசையாமல் நிற்கும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் தெரியும், பெட்டி நாணயத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கால் டிகிரி சாய்ந்து நின்றுகொண்டிருக்கும்.